பள்ளியின் இரண்டாங்கட்டு

நம் கலாசாலையின் பழைய மாணாக்கர் ஒருங்கு கூடுமிடத்து நிகழும் பேச்சுக்களைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒருவர் விடுதிச் சாப்பாட்டை எடுப்பார். மற்றொருவர் பட்டமளிப்பு விழாவன்று இரவல் வாங்கி அணிந்த அங்கியைச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிப் பருவம் பேச்சில் வருமாயின், மணலில் விரல் பதித்து அரிச்சுவடி எழுதிய முதல் வகுப்பு வரும். அன்றேல் பள்ளியிறுதித் தேர்வு வரும். ஆறு, ஏழு, எட்டு என்னும் நடு வகுப்புக்கள் மூன்றையும் ஒருவரேனும் விரும்பி எடுத்துப் பேசக் கேட்டிலேன். அம்மூன்றாண்டும் யாவர்க்கும் உண்டு. ஆயினும் யாரும் அங்கே வாழ்ந்தவர் போலத் தோன்றவில்லை.

செட்டிநாட்டு வீடுகளைக் கண்டோர் முகப்பை வியப்பர். பர்மாத் தேக்குத் தூண்களும், கண்ணாடி போல் மின்னும் சுண்ணாம்புச் சுவரும், திண்ணையின் நீளமும் வந்தவரை அங்கேயே நிறுத்திவிடும். உறவினராயின் உள்ளே வளவு வரைக்கும் செல்வர். அதற்கும் அப்பால் இருப்பது இரண்டாங்கட்டு. பந்தி நடப்பது அங்கே. வீட்டுப் பிள்ளைகள் உண்டு வளர்வது அங்கே. ஆனால் விருந்தினரை அழைத்துச் சென்று, "இது எங்கள் இரண்டாங்கட்டு" என்று காட்டுவார் எவரும் இலர். நடு வகுப்புக்களை நினைக்குந்தோறும் எனக்கு அந்தக் கட்டே நினைவிற்கு வருகிறது. நான் அவ்வகுப்புக்களைப் படித்த ஊர் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள அமராவதிபுதூர் ஆதலின், இவ்வுவமை எனக்குத் தேடாமலே கிடைத்தது.

அமராவதிபுதூர் பெரிய பட்டணமன்று. கல்வியின் வரலாற்றிலோ சிறிய இடமுமன்று. ஊழியன் இதழை நடத்தியவரும் காந்தியடிகள் மீது பிள்ளைத்தமிழ் பாடியவருமான ராய. சொக்கலிங்கனார் 1898இல் பிறந்தது இவ்வூரிலேதான். அவரும் சொ. முருகப்பாவும் முன்னின்று 1917இல் காரைக்குடியில் நிறுவிய இந்து மதாபிமான சங்கத்திற்கு 1919இல் பாரதியார் வந்து பாடிச் சென்றதை நம் மாணாக்கர் அறிவர். இவற்றினும் நான் பெரிதாக எண்ணுவது இவ்வூரில் எழுந்த சுப்பிரமணியம் செட்டியார் குருகுலத்தை. அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல், வணிகர் தம் பொருளைக் கொண்டே பள்ளி எழுப்புதல் அந்நாளில் செட்டிநாட்டின் வழக்கம். கடைக் கணக்கில் மகமை என்று ஒரு பற்று உண்டு. வரும் இலாபத்தில் ஒரு சிறு பகுதி தருமத்திற்கென்று அதில் ஏறும். கோயிற்றிருப்பணியும் ஊருணி வெட்டும் பாடசாலையும் அந்தப் பணத்திலேதான் நடந்தன.

வணிகர் பள்ளிக்கூடம் கட்டினர் என்பதில் வியப்பில்லை. அவர்தம் பிள்ளைகள் அப்பள்ளியில் எத்துணைக் காலம் இருந்தனர் என்பதே ஆராயத்தக்கது. நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒரு நிலை உண்டு. பணப்பெட்டியின் அருகிலிருந்து ஏவலும் எடுபிடியுமாக நின்று, கணக்கெழுதும் கையைப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்பவன் அவன். பின்பு அடுத்தாள் ஆவான். அதன்பின் மேலாள் ஆவான். இந்த ஏணியின் முதற்படியில் கால் வைக்கும் வயது பதினொன்றும் பன்னிரண்டும் பதின்மூன்றும். இன்று நாம் நடு வகுப்பு என்னும் அதே வயது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே பயின்று, பதினொன்றாம் வயதில் வணிகத்தின்பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகவும் மகாமகோபாத்தியாயராகவும் விளங்கிய அவர் நடு வகுப்பின் வாயிலையே மிதித்தவரல்லர். அவரை உள்ளிட்ட அன்பர்கள் 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையைக் கண்டு தமிழ்க் கல்விக்கு ஓர் இல்லம் அமைத்தனர். தமக்குக் கிட்டாத வாயிலைப் பிறர்க்குத் திறந்து வைத்தல் என்பது இதுதான் போலும்.

ஆகவே அந்நாளில் இப்பக்கத்துப் பள்ளி எதுவாயினும், எட்டாம் வகுப்போடு பிள்ளை போய்விடுவான் என்பதை எதிர்பார்த்தே நடக்கவேண்டியதாயிற்று. பழைய சென்னை மாகாணத்தில் எட்டாம் வகுப்பின் முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்னும் தேர்வொன்று இருந்தது. அதில் தேறியவர் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம். அதாவது, எட்டு முடித்தவன் பிறர்க்குக் கற்பிக்கத் தகுந்தவன் என்பது அக்காலத்தார் கருத்து. இன்று எட்டு முடித்தவனைப் பார்த்து, "இன்னும் ஒன்பது இருக்கிறது, பத்து இருக்கிறது" என்கிறோம். அவன் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

இந்த ஒழுங்கைக் குலைத்தது பர்மா. 1930இல் நெல்விலை வீழ்ந்தது; கடன் வாங்கிய குடியானவர் பணமாகத் திருப்ப மாட்டாமல் நிலத்தையே கொடுத்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலவுடைமை, 1937இல் 25 பங்காயிற்று. கேட்பவர்க்கு இது செல்வப் பெருக்கமாகத் தோன்றும். உண்மையில் அது கைமுதல் முழுதும் சேற்றில் இறங்கிவிட்ட கதை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942இல் பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர். 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அதன்பின் பெட்டியடியில் அமர்வதற்குப் பெட்டியே இல்லை. பிள்ளைகளுக்கு நெடுங்காலப் படிப்பு வேண்டும் என்னும் எண்ணம் செட்டிநாட்டில் வலுத்தது இதன் பிறகேயாகும். வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் கலாசாலை தொடங்கியது 1947இல். மின்வேதியியல் ஆய்வுக் கூடத்திற்கென அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948ஆம் ஆண்டு ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அதற்குக் கால்கோள் செய்தார். செட்டிநாட்டுக் கல்விக்கு அஃதொரு மாபெரும் முகப்பு. அதற்குமுன் பந்தி நடந்து வந்த இரண்டாங்கட்டைத்தான் இக்கட்டுரையிற் பேச விரும்புகிறேன்.

குருகுலம் என்னும் பெயர் பற்றி ஒரு வார்த்தை. அப்பெயர் அந்நாளில் வெறும் அலங்காரமன்று. அரசாங்கப் பள்ளியின் வழியை விட்டு, நம் மொழியிலும் நம் முறையிலும் பிள்ளைகளை வளர்க்கவேண்டும் என்னும் வேட்கை அதில் இருந்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கியது அவ்வேட்கையினாலேதான். அது முறிந்ததும் அனைவரும் அறிந்ததே. பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது என்னும் செய்தி வெளிப்பட, வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியாரும் வெகுண்டெழுந்தனர். நாடெங்கும் பூசல் மூண்டது. ஐயர் பொறுப்பினின்று விலகினார். 1925ஆம் ஆண்டு ஜூனில் பாபநாச அருவியில் மூழ்கி மாண்டார். பாடத்திட்டத்தினாலும் பணமுடையினாலும் முறியாத பள்ளி பந்தியினால் முறிந்தது. பதினொரு வயதுப் பிள்ளை பக்கத்து இலையில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே உண்கிறான். அங்கே கற்பதை அவன் பின்பு மறப்பதேயில்லை. சேரன்மாதேவி நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவென்றே நான் கொள்கிறேன்.

இனி, அமராவதிபுதூர்க் குருகுலத்தில் படித்த ஒருவரைச் சொல்லவேண்டும். சிறுகூடல்பட்டியில் 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பிறந்த முத்தையா என்னும் சிறுவர், வேறொரு வீட்டிற்குப் பிள்ளை கூட்டிக் கொடுக்கப்பெற்று நாராயணன் என்று பெயர் பெற்றவர், தம் ஊரில் தொடக்கக் கல்வி கற்றபின் இக்குருகுலத்தில் எட்டாம் வகுப்பு வரை பயின்றார். அதற்குமேல் அவர் எந்தப் பள்ளிக்கும் சென்றாரில்லை. 1943இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் சிறு வேலைக்கு அமர்ந்தார். அடுத்த ஆண்டிலே திருமகள் என்னும் இதழுக்கு ஆசிரியரானார். அப்போது அவர்க்கு வயது பதினேழு. அவர்தாம் கவிஞர் கண்ணதாசன். 1978இல் தமிழ்நாட்டு அரசவைக் கவிஞரானார். சேரமான் காதலி என்னும் நாவலுக்கு 1980இல் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்றார். கிறிஸ்தவக் கலாசாலையாகிய நம் கலாசாலையில் பலர் விரும்பி ஓதும் இயேசு காவியத்தைப் பாடியவரும் அவரே. அது அவர் மறைந்தபின், 1982இல் வெளிவந்தது.

"எட்டாவதோடு நின்றவர் கவியரசரானார்; ஆகையால் படிப்பு வேண்டுவதில்லை" என்று இதைக் கொண்டு பேசுவாருளர். எனக்கு அப்பேச்சு பிடிப்பதில்லை. எட்டோடு நின்றவர் பல்லாயிரவர், கவிஞரானவர் ஒருவர். அன்றியும், அவர் எட்டு வரை படித்தார் என்பதையும், பதினேழாம் வயதில் ஓர் இதழை நடத்தும் தமிழ் அவர் கையில் இருந்தது என்பதையும் இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கல்லூரியின் வாயிலைக் காணாத ஒருவர்க்கு அவ்வளவு தமிழ் எங்கிருந்து வந்தது? பிறவி வரம் என்று விடலாம். வரம் பெற்றவனுக்கும் எழுத்து வேண்டும், யாப்பு வேண்டும், பழம்பாட்டின் ஓசை காதில் விழவேண்டும். பன்னிரண்டு வயதிற்குள் விழவேண்டியவை அவை.

நிற்க. நான் அமராவதிபுதூரில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தது 1968ஆம் ஆண்டு ஜூனில். தனியார் தருமத்தால் நடந்த பள்ளி. பெயர் இங்கு வேண்டுவதில்லை. என் அப்பா கொத்துவேலை செய்தவர்; செட்டிமார் வீடுகளில் ஓடு மாற்றவும் சுவர் பூசவும் போவார். எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு இரண்டு கல் தொலைவு, செம்மண் பொட்டலினூடே நடை. தூக்குவாளியில் அப்பத்தா போட்டுத் தரும் பழையதும் ஒரு துண்டு நார்த்தங்காயும் மதிய உணவு. வேப்பமரத்தடியில் எல்லாரும் வரிசையாக அமர்ந்தே உண்ணவேண்டும் என்பது தமிழாசிரியர் ஐயாவின் கட்டளை. அவரும் தம் பொட்டலத்தை அவ்வரிசையிலேயே பிரிப்பார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்தில். ஏன் இடம் மாறுகிறார் என்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. சேரன்மாதேவியின் கதையை நான் அறிந்தது நெடுநாள் கழித்து, இக்கலாசாலை நூலகத்தில். அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த வேப்பமரத்தைச் சற்று நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியரே எல்லாம். கணக்கும் அவரே, கதையும் அவரே, அடியும் அவரே. ஆறாம் வகுப்பில் மணி அடிக்க அடிக்க ஆள் மாறினர். எனக்கு முதலில் அச்சமாயிருந்தது. சில மாதங்களில் ஒரு புதுமை விளங்கிற்று: பெரியவர்கள் எல்லாரும் ஒரே கருத்தினரல்லர். வரலாற்று ஆசிரியர் மெச்சிய அரசனைத் தமிழாசிரியர் ஏளனம் செய்வார். அறிவியல் ஆசிரியர் கிரகணத்தன்று சாப்பிடலாம் என்பார். கணக்கு ஆசிரியரோ அன்று பச்சைத் தண்ணீரும் குடியார். இருவரும் பெருமக்கள், இருவரிடத்தும் எங்களுக்கு அன்பு. யார் சொல்வதை ஏற்பது? இந்த வினா எழுகின்ற வகுப்பு ஆறாம் வகுப்பு. பிற்காலத்தில் இக்கலாசாலையில் நான் கற்ற தருக்கமெல்லாம் அந்த வினாவிற்குச் சேர்த்த உரையே எனலாம்.

எங்கள் அணியினர்க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அவ்வாண்டு ஜனவரியில் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. எங்களுக்கு இந்தி வகுப்பு இல்லை. முன் வகுப்பினர் வைத்திருந்த இந்தி வாசகப் புத்தகத்தின் அட்டை எங்கள் வீட்டில் தோசைக்கல்லை இறக்கி வைக்கப் பயன்பட்டது. நடு வகுப்புப் பிள்ளைகளே இந்தச் சண்டையில் எப்பொழுதும் நடுவே நின்றவர்கள் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். 1938இல் இராஜாஜி அரசாங்கம் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் முதல் மூன்று பாரங்களில்தான், அதாவது இதே ஆறு, ஏழு, எட்டில். 1940இல் அது திரும்பப் பெறப்பட்டது. மொழிப்போர் என்றால் பெருந்தலைவர்களை நினைக்கிறோம். மேசையின் மேல் புத்தகம் வந்ததும் போனதும் பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்கே.

கணக்கு ஆசிரியரைப் பற்றிச் சற்று விரித்துரைக்கவேண்டும். அவர் இளமையில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர். பாடப்புத்தகத்தில் தசமபின்னம் இருக்கும். அதை நடத்தி முடித்துவிட்டு, பத்து நிமிடம் மீந்தால் பழைய கீழ்வாய் இலக்கத்தை எடுப்பார். முந்திரி என்பது 320இல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி, அது 80இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, அது 20இல் ஒன்று. "மாகாணி என்றால் எவ்வளவு?" என்று ஒருநாள் கேட்டார். வாய்ப்பாடாகத் தெரிந்தவர்கள், "பதினாறில் ஒன்று" என்றனர். "ஏன்?" என்றார். வகுப்பு அமைதியாயிற்று. கரும்பலகையில் மா என்று ஒன்றும் காணி என்று ஒன்றும் எழுதி, நடுவே கூட்டற்குறி இட்டார். இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூட்டினால் எண்பதில் ஐந்து. அதுவே பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே கணக்கு இருந்தது! அன்று எனக்கு உண்டான வியப்பை எந்தச் சொல்லாற் சொல்வேன்? நாள்தோறும் வாயில் வழங்கிய சொல் ஒன்று, திடீரெனத் தன் கதவைத் திறந்து உள்ளே இருந்ததைக் காட்டிற்று. பதினாறணா ஒரு ரூபாயாயிருந்த காலத்தில் மாகாணி ரூபாய் ஓரணா என்பதையும், 1957இல் நயாபைசா வந்தபின் ஓரணாவை 6 என்று வைப்பதா 7 என்று வைப்பதா என்று கடைக்காரரும் வாங்குவோரும் சண்டையிட்டதையும் சொல்லிச் சிரிப்பார். பின்னத்தை நான் அஞ்சாமற் போனது அவராலே.

என் பக்கத்திருக்கையில் இருந்த தோழன் இக்கணக்குக்களில் என்னை மட்டுமன்றி ஆசிரியரையும் முந்துவான். ஒருமுறை கடைகளின் நடப்பு வட்டிக்கும் தவணை வட்டிக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க, அவர் பலகையில் எழுதி முடிக்குமுன் இவன் விடையை மெதுவாகச் சொல்லிவிட்டான். ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இனி நீ வந்து நடத்து, அப்பா" என்றார், கேலியாக அன்று. மெய்யாகவே அவன் நடத்தினான்.

எட்டாம் வகுப்பின் தைப் பொங்கலுக்குப் பின் அவன் போகப் போகிறான் என்று தெரிந்தது. தகப்பனார் இல்லை; மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் தாய்மாமன் இடம் பார்த்திருந்தார். கணக்கு ஆசிரியர் இருமுறை அவன் வீட்டுக்குச் சென்றார். இரண்டாம் முறை நானும் உடன் போனேன். அவன் தாயார் அவரைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்தார், அவர் சொன்னவற்றையெல்லாம் தலைகுனிந்து கேட்டார், முடிவில், "ஐயா, நீங்கள் சொல்வது சரிதான். சின்னவள் இரண்டு பேர் இருக்கிறார்களே" என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. திரும்பும் வழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் முதல் மாலையில் அவனை நிறுத்தி வைத்தார்: பேரேடு எப்படி எழுதுவது, ஐந்தொகை எப்படி எடுப்பது, உண்டியல் எழுதினால் எந்த வாசகம் இருக்கவேண்டும், முதலாளிக்குக் கடிதம் எப்படி எழுதுவது, கையெழுத்திடுமுன் பத்திரத்தில் எந்தெந்த வரிகளைப் படிக்கவேண்டும். இரண்டரை மாதம். ஏப்ரலில் பள்ளி அவனுக்குப் பதிவுத்தாள் கொடுத்தது. அவ்வாண்டு எட்டோடு நின்ற பெண்பிள்ளைகளுக்கும் அதே தாள்தான். அவர்கள் நின்றதை ஒரு செய்தியாக யாரும் பேசவும் இல்லை.

மூன்றாண்டு கழித்து, 1974இல், நான் இக்கலாசாலையில் புகுமுக வகுப்பிற் சேர்ந்தேன். அவன் கீழமாசி வீதியில் இருந்தான். சனிக்கிழமை மாலைதோறும் கடையின் பின்கட்டில் மூட்டைகளின் மேல் அமர்ந்து பேசுவோம். "இந்த வாரம் கணக்கில் என்னடா நடத்தினார்கள்?" என்பதே அவன் முதற் கேள்வி. நான் குறிப்பேட்டை விரிப்பேன். எண்தொடர்களை அவன் பார்த்த அளவிலே பிடித்துக்கொண்டான்; கூட்டுவட்டி என்றான். மடக்கை வாய்ப்பாட்டைக் கண்டு, "பெருக்கலைக் கூட்டலாக்கிவிட்டார்களே, கெட்டிக்காரர்கள்!" என்று மகிழ்ந்தான். ஆனால் என் பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நான் தமிழ் தேடிச் சொல்லவேண்டும். எனக்கே பாதி தெரியாது. கோணகணிதம் வந்தபோது குறியீடும் மொழியும் சேர்ந்து சுவராக நின்றன. கணக்கு அவனுக்கு எட்டாததன்று. கணக்கிற்குப் போட்டிருந்த பூட்டுத்தான் எட்டவில்லை. ஒரு சனிக்கிழமை நான் போனபோது தேநீர் வாங்கிக் கொடுத்தான், ஊர்ச் செய்தி கேட்டான், தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னான். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதன்பின் எக்காலத்தும் கேட்கவில்லை.

அவனுக்குக் குறையொன்றும் நேரவில்லை. தனிக்கடை வைத்தான், தங்கையர் இருவரையும் கரையேற்றினான், அவன் கணக்கில் தணிக்கையாளர் குற்றம் கண்டதில்லை என்பதில் அவனுக்குப் பெருமை. ஆயினும் அச்சனிக்கிழமையை நான் எண்ணாத ஆண்டில்லை. அந்தப் பையன் எங்கே போயிருப்பான் என்பது யார்க்கும் தெரியாது. எட்டாம் வகுப்பு அவனுக்குக் கொடுத்தது நிறைவான ஒன்று என்பதும் மெய். அது போதவில்லை என்பதும் மெய். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

இது பழங்கதையன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும்வரை, கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கிற்று. நல்லது. ஆனால் உரிமை நிற்கின்ற இடமும் அந்த எட்டாம் வகுப்பே. ஒரு காலத்தில் பெட்டியடி தொடங்கிய அதே வாயில். அவ்வகுப்பு முடியும்வரை யாரையும் நிறுத்தி வைக்கலாகாது என்று முதலில் இருந்த விதி 2019இல் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் தேர்வில் தவறியவரை நிறுத்தலாம் என்றாயிற்று. தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தமையால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அவ்வழியிற் செல்லாது என்று மாநில அரசு கூறிற்று. எனக்கு இவ்விஷயத்தில் ஐயமில்லை: பதின்மூன்று வயதில் தவறினான் என்று முத்திரை குத்தப்பட்ட ஏழைப் பிள்ளை மறுபடி அதே இருக்கையில் வந்து அமர்வதில்லை, அவனுக்கு எங்கோ ஒரு மாமன் கடை பார்த்து வைத்திருப்பார். நிறுத்தி வைப்பதை எதிர்ப்பவர்களும் ஒன்றைக் கருதவேண்டும். மூன்றாண்டும் ஒன்றுங் கல்லாமல் தேர்ச்சி என்று அனுப்பிவைப்பதும் அவனை வெறுங்கையோடு அனுப்புவதே.

எட்டாம் வகுப்பிலே எழுதப்படும் தேர்வொன்று உண்டு. அதைப் பற்றிக் கிராமத்துப் பெற்றோர் பலர்க்கு இன்னும் தெரிவதில்லை. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவி என்பது அதன் பெயர். 2008 முதல் நடக்கிறது. தேறுகின்ற வறிய மாணாக்கர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. 1971இல் அந்தத் திண்ணையில் மோர் அருந்திய ஆசிரியரின் கையில் இப்படியொரு தாள் இருந்திருந்தால் அவர் பேச்சு வேறு விதமாயிருந்திருக்கும். இதை வாசிக்கும் மாணாக்கர், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அண்டையிலுள்ள நடுநிலைப் பள்ளிக்குப் போய், இத்தேர்வுக்கு எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கின்றனர் என்று கேட்டறிவார்களாக. நம் முன்னாள் மாணாக்கர் சங்கத்தார் ஆண்டுதோறும் கட்டடத்திற்கும் கோப்பைகளுக்கும் வாரி வழங்குகின்றனர். முகப்பு ஏற்கெனவே அழகாய்த்தான் இருக்கிறது. ஒரு சிறு பகுதி இரண்டாங்கட்டிற்கும் போகலாமே என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்றபின் ஒருமுறை அவரைக் கண்டேன். பழையவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பை அவர் நடத்திய முறை பற்றிக் கேட்டேன். முதலிற் சில ஆண்டுகள், பொங்கலுக்குப் பின் பிள்ளைகளை மனத்திற்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்வாராம். போகிறவர்களுக்கு வட்டி, கடிதம், பத்திரம், இருக்கிறவர்களுக்கு இயற்கணிதம். பின்பு அம்முறையை விட்டுவிட்டாராம். ஒருமுறை, இருப்பான் என்று அவர் எண்ணிய பையன் சித்திரையில் வரவில்லை. போய்விடுவாள் என்று எண்ணிய பெண் ஜூனில் புத்தகத்தோடு ஒன்பதாம் வகுப்பு வாயிலில் நின்றாள்.

"யார் போவார், யார் இருப்பார் என்று எனக்கு எப்படியப்பா தெரியும்?" என்றார். "அதனால் எல்லாருக்கும் எல்லாவற்றையும் நடத்தினேன். நேரம்தான் போதவில்லை."